வலக்கையும் இடக்கையும்

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது ஒரு நாள் காலை எங்கள் வாத்தியார் புதுச் சட்டம் ஒன்று போட்டார். "இன்றைக்கு அதிகாரி வருகிறார். அவர் எதைக் கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலக்கை, தெரியாதவன் இடக்கை. புரிந்ததா?" என்றார். அதிகாரி வந்தார், கேட்டார், வகுப்பு முழுவதும் கைகளாக நின்றது. வலக்கைகளாகப் பார்த்து வாத்தியார் எழுப்பினார். அதிகாரிக்குப் பரம திருப்தி. அன்று நான் இடக்கைக்காரன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பல வருஷங்கள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துக் கல்வியின் சரித்திரத்தைப் படித்த பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

1846-ஆம் ஆண்டு அந்த நாட்டு அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் ஏணியைக் காட்டிற்று. 13 வயதில் ஒரு பையனோ பெண்ணோ பள்ளியில் ஆசிரிய மாணாக்கராகச் சேரலாம். ஐந்து வருஷப் பழக்கம். முதல் வருஷம் 10 பவுன் உதவிப் பணம். கடைசி வருஷம் 20 பவுன். பிறகு பரீட்சையில் தேறினால் பயிற்சிக் கல்லூரி. அதையும் முடித்தால் சான்றிதழ். அந்தச் சான்றிதழின் தரத்துக்கு ஏற்ப, பள்ளி கொடுக்கும் சம்பளத்துக்கு மேல் அரசாங்கமே ஆசிரியரின் பெயருக்கு ஒரு தொகை அனுப்பும். முதுமையில் ஓய்வூதியம் உண்டு என்ற நம்பிக்கையும் ஊட்டப்பட்டது. சுரங்கத்துக்கோ ஆலைக்கோ போயிருக்கவேண்டிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இந்த ஏணியில் காலை வைத்தார்கள்.

செலவு ஏறிக்கொண்டே போயிற்று. ஆசிரியர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் கவனிக்கிறார்கள், சின்னக் குழந்தைகள் எழுத்துக்கூட்டவும் தெரியாமல் வெளியேறுகிறார்கள் என்று 1861-இல் ஒரு விசாரணைக் குழு குறை சொல்லிற்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கல்விப் பொறுப்பை வகித்த ராபர்ட் லோ 1862-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தார். ஆசிரியருக்கு நேரே போன பணம் நின்றது. ஓய்வூதிய நம்பிக்கையும் போயிற்று. இனிப் பள்ளிக்குத்தான் பணம்; அதுவும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆறு வயதைத் தாண்டிய ஒரு பிள்ளை பரீட்சையில் தேறினால் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். பரீட்சை நாளில் பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டால் முழுப் பணமும் போச்சு!

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்தையே நெட்டுருப் போட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் வாசித்தார்களாம். சரித்திரமும் பூகோளமும் பணம் தராத பாடங்கள். ஆகையால் மூலையில் கிடந்தன. கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்யூ ஆர்னால்டு, தம் மேலதிகாரிகளின் இந்தத் திட்டத்தையே எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார். நாற்பதைத் தொடும் வயதில் உத்தியோகத்தைப் பணயம் வைப்பது லேசான காரியமா? சில வருஷங்களுக்குள் ஆசிரிய மாணாக்கர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஏணியின் படியை நடுவில் உருவுகிறார்கள் என்று தெரிந்தால் யார் ஏறுவார்கள்? இந்தப் பலனுக்குப் பணம் என்ற முறை கப்பலேறி நம் சென்னை ராஜதானிக்கும் வந்தது. இங்கிலாந்தில் அது முழுவதும் ஒழிய 1897 ஆயிற்று.

லோ துரையின் கேள்வி நியாயமானதே. பொதுப் பணம் வாங்குகிறவர் சரியாகக் கற்பிக்கிறாரா என்று பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணிவிடக் கூடியதை மட்டும் எண்ணியது ஒரு பிழை. ஒரு வாக்கை நம்பி இளமையைக் கொடுத்தவர்களிடம், பாதி வழியில் அந்த வாக்கை மாற்றியது இன்னும் பெரிய பிழை.

இது பழங்கதை அல்ல. நம் நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு 2010-இல் விதியாயிற்று. அதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும் அதில் தேறவேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷ அவகாசம். ஐந்துக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் நீடிக்கலாம். ஆனால் தேறாவிட்டால் பதவி உயர்வு இல்லை. குழந்தைக்குத் தகுதியுள்ள ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்பதை மறுப்பவர் யார்? ஆயினும் இருபத்தைந்து வருஷம் கரும்பலகைக்கு முன் நின்ற ஓர் அம்மாள், தலைமையாசிரியர் நாற்காலி கைக்கு எட்டும் சமயத்தில், "நான் சேர்ந்த அன்று இதைச் சொல்லவில்லையே" என்று கேட்டால், அதற்கும் ஒரு பதில் வேண்டும். புது விதி புதிதாக வருகிறவருக்கு வாசலாக இருக்கட்டும். பழையவருக்குப் பயிற்சியும் அவகாசமும் தந்து, அவர் வகுப்பறையில் செய்ததையும் கணக்கில் சேர்க்கட்டும்.

எங்கள் வாத்தியாரை இப்போது நினைத்துக்கொள்கிறேன். அன்று அதிகாரி அவரை அளக்க வந்தது ஒரே ஒரு மணி நேரம். மறுநாள் காலை அவர் வகுப்புக்கு வந்ததும், "நேற்று இடக்கை தூக்கியவர்கள் எல்லாரும் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் கணக்கை ஆரம்பத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். அதைப் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை.