மன்றம் இல்லாத நகராண்மை

சிலாங்கூரில் ஒரு நிலப்பட்டாவை (நம்ம ஊரில் கிரான் என்றால்தான் புரியும்) எடுத்துப் பார்த்தால், லாட் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருக்கும். முக்கிம், மாவட்டம், மாநிலம். நகராண்மைக் கழகத்தின் பெயர் அந்த வரிசையில் வராது. நான் சிவில் இன்ஜினியர். வடிகால் வரைபடம் போட்டு அனுமதிக்கு அனுப்புவதுதான் வேலை. வேலையில் சேர்ந்த முதல் வருஷம் இந்த விஷயம் எனக்குப் பெரிய தலைவலி. கோத்தா கெமுனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக் கணக்கில் அது கிள்ளான் மாவட்டம். குப்பை அள்ளுவதும் மதிப்பீட்டு வரி வாங்குவதும் ஷா ஆலாம் மாநகர் மன்றம். ஒரே வீட்டுக்கு இரண்டு எல்லைகள், இரண்டு அலுவலகங்கள்.

கிள்ளான் மாவட்டத்தில் இருப்பவை இரண்டே முக்கிம்கள், கிள்ளானும் காப்பாரும். பக்கத்து பெட்டாலிங் மாவட்டத்தில் நான்கு: புக்கிட் ராஜா, டாமன்சாரா, பெட்டாலிங், சுங்கை பூலோ. முக்கிம் அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். ஒரே பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடுகிறவர்கள் வாழும் பகுதி என்பது அதன் பழைய பொருள். அதற்குத் தலைவர் பெங்ஹுலு. பிரிட்டிஷ்காரர்கள் வந்து மாவட்டம், மாவட்ட அதிகாரி என்று மேலே அடுக்கியபோதும், கீழே முக்கிமையும் பெங்ஹுலுவையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நகரங்களுக்குத் தனியாகச் சுகாதார வாரியம் வந்தது. கோலாலம்பூரில் அது தொடங்கிய ஆண்டு 1890.

காப்பார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் பாட்டிக்கு முக்கிம் என்ற சொல்லே தெரியாது. எந்த ஊர் பாட்டி என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வார். இன்னும் கேட்டால், "நாங்க ரெண்டாவது டிவிஷன்" என்பார். அவருக்கு மாவட்டம், வட்டம் எல்லாமே அந்த டிவிஷன்தான்.

பாட்டி தவறாகச் சொல்லவில்லை. தோட்டம் தனக்கென்று ஒரு நிர்வாகப் பிரிவினையை வைத்திருந்தது. மேலே பெரிய துரை, டிவிஷனுக்கு ஒரு சின்ன துரை, ஆபீசில் கிராணி, வெளிக்காட்டில் கங்காணி. விடியும் முன் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். தண்ணீர், லயத்து வீடு, கோயிலுக்கு இடம், ஆயாக் கொட்டகை, மருந்துக்கடை, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. இதையெல்லாம் வேறு நாட்டில் யார் செய்வார்கள்? உள்ளாட்சி. ஜெர்மனியின் கிராமப்புற மாவட்டங்களில் சில நூறு பேர் வாழும் ஊருக்குக்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் உண்டு. நம்ம தோட்டங்களிலும் நூற்றுக்கணக்கில் ஆள்கள் இருந்தார்கள். நகராண்மை செய்யும் வேலையில் பாதி அங்கே நடந்தது. மன்றம் மட்டும் இல்லை. அரசாங்கம் தன் பொறுப்பைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்றுகொண்டது.

அந்த வேலி எவ்வளவு நிஜமானது என்பதற்கு 1941 சாட்சி. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தமிழ் நேசனில் வேலை செய்த ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். அந்தக் கோரிக்கைகளை நம்ம ஆட்கள் பெரும்பாலும் இரண்டாகச் சுருக்கிச் சொல்வார்கள்: சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு. எனக்கு வேறொன்றுதான் மனதில் நிற்கிறது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அண்ணன் வீட்டுக்குத் தங்கை போய்வரும் உரிமையைக்கூடக் கோரிக்கையாக எழுத வேண்டியிருந்தது.

நாதனும் மற்றவர்களும் வைத்திருந்த அமைப்பின் பெயரைக் கவனியுங்கள்: கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். எந்தத் தோட்டத்தின் பெயரும் அதில் இல்லை. ஒவ்வொரு தோட்டமும் தனித் தீவாக இருந்தபோது, வேலியைத் தாண்டி அவர்களைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. அரசாங்கத்தின் வரைபடத்தில் இருந்த மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இது யோசித்துச் செய்ததா, தற்செயலா என்று தெரியாது. ஆனால் ஆள்வதற்காக வரைந்த கோட்டை ஒன்றுகூடுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள்.

போர் முடிந்து அவசரகாலம் வந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் ஆளும் போகாமல் தடுக்க, காட்டோரத்தில் வாழ்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். பெரும்பாலும் சீனர்கள். முள்கம்பி, ஊரடங்கு, சோதனை என்று அது கொடுமைதான். ஆனாலும் 1952இல் வந்த உள்ளூர் மன்றச் சட்டத்தின் வழியே அந்தக் கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் கிடைத்தன. தோட்டங்களிலும் இதே காலத்தில் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி வேலி போட்டார்கள். ஆனால் நிலம் கம்பெனியுடையது. வேலி வந்தது, மன்றம் வரவில்லை. மலாய்க் கம்பத்துக்கு முக்கிம், சீனப் புதுக்கிராமத்துக்கு மன்றம், தோட்டத்துக்குத் துரை. இன்றைக்குக் கிராமப்புற ஏழைகள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இந்த மூன்று கோடுகளும்தான் ஞாபகத்துக்கு வரும்.

நகரத்துத் தமிழர்களின் கதை கொஞ்சம் வேறு. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் பன்னிரண்டு இடங்கள், அதில் ஒன்பது அம்னோ - மசீச கூட்டணிக்கு. அந்தக் கூட்டணிதான் பிறகு நாட்டையே ஆண்டது என்பதால் பாடப்புத்தகத்தில் அதை மட்டும் சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சார் வட்டாரத்தில் மலாயா சுதந்திரக் கட்சி சார்பில் தேவகி கிருஷ்ணன் ஜெயித்தார். மலாயாவில் தேர்தலில் வென்று பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஓட்டுரிமை இருந்தவர்கள் மிகக் குறைவு, அது உண்மை. ஆனாலும் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரருக்கு வடிகால் அடைத்தால் போய்க் கேட்க ஒரு ஆள் இருந்தார். இருபது மைல் தள்ளி, காப்பார் லயத்தில் இருந்தவருக்குக் கங்காணிதான்.

அந்தத் தேர்தலும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 1961இல் கோலாலம்பூரின் நகராண்மை மன்றத்தைக் கலைத்து, கூட்டரசுத் தலைநகருக்கு ஓர் ஆணையரை நியமித்தார்கள். 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். அதே ஆண்டு உள்ளாட்சிகளை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்றால் பலருக்குத் தெரியும். ஆணையத்தின் முடிவு தெளிவாக இருந்தது: குறைகள் இருந்தாலும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே நியமிக்கப்பட்ட மன்றத்தைவிட மேல், தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தேர்தலை ஒரேயடியாக முடித்துவைத்தது. எட்டிலிருந்து இருபத்து நான்கு உறுப்பினர்கள், எல்லோரையும் மாநில அரசே நியமிக்கும். தீபகற்பத்தில் இருந்த 374 உள்ளாட்சிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கினார்கள். 1977இல் கிள்ளான் நகராண்மைக் கழகம் உருவானது இப்படித்தான்.

உள்ளாட்சி என்றதும் நம்ம ஆட்கள் உத்திரமேரூரைக் கொண்டுவந்துவிடுவார்கள். பராந்தக சோழன், குடவோலை, முப்பது குடும்பு. சரி. ஆனால் அந்தக் கல்வெட்டை முழுசாகப் படித்தால், குடவோலையில் பெயர் எழுத ஒருவருக்கு வரி கட்டும் கால்வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதமும் தெரிந்திருக்க வேண்டும். லயத்துக்காரர் 921ஆம் ஆண்டிலும் வெளியேதான் நின்றிருப்பார்.

நகரம் தோட்டத்தைத் தேடி வந்தபோதுதான் இந்த வரலாறு முழுசாகக் கடித்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் ஆனது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. நிலம் கைமாறியதும் மருந்துக்கடையும் ஆயாக் கொட்டகையும் ஒரே நாளில் போயின. கம்பத்துக்கோ புதுக்கிராமத்துக்கோ கையில் காட்ட ஒரு கோடாவது இருந்தது. ஐம்பது வருஷம் ஒரே லயத்தில் வாழ்ந்தவருக்குக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. வெளியேறிப் பக்கத்தில் பலகை வீடு போட்டுக்கொண்டவர்களை அரசாங்கம் புறம்போக்குவாசி என்றது. மிஞ்சியது பள்ளிக்கூடங்களின் பெயர்தான். மிட்லண்ட்ஸ், ஹைலண்ட்ஸ், எமரால்டு, சீபீல்டு. பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்று இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி. ஒரு ரப்பர் மரம் கிடையாது.

2007 அக்டோபர் 30ஆம் தேதி, பாடாங் ஜாவா கம்போங் ரிம்பா ஜெயாவில் இருந்த மாரியம்மன் கோயிலை ஷா ஆலாம் மாநகர் மன்றம் உடைத்தது. தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. நான் அப்போது ஆரம்பப் பள்ளி மாணவன். வீட்டில் பெரியவர்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நவம்பர் 25 பேரணியை உரிமைப் போராட்டமாகவும் மதப் பிரச்சினையாகவும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்குள் இன்னொரு எளிய கேள்வியும் உண்டு. அந்த வட்டாரத்துக்கு மன்ற உறுப்பினர் யார், அவரை மாற்ற மக்களுக்கு என்ன வழி இருந்தது? ஒரே வழிதான். ஒரு மன்றத்தை மாற்ற மாநில அரசாங்கத்தையே மாற்ற வேண்டும். 2008 மார்ச் 8ஆம் தேதி சிலாங்கூர் வாக்காளர்கள் அதைச் செய்தார்கள்.

புதிதாக வந்த அரசாங்கமும் உறுப்பினர்களை நியமித்தது. இன்றுவரை நியமிக்கிறது. கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமாக உயர்ந்தது, வாணவேடிக்கைக்குக் குறைவில்லை. உறுப்பினர்கள் வரும் வழி அதேதான்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அந்தச் சுற்றுவழியும் கிடையாது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானபோது, சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன. மாநகர் மன்றத்தில் உறுப்பினர்கள் இல்லை, டத்தோ பண்டார் நியமிக்கப்பட்டவர். துன் சம்பந்தன் சாலையில் வடிகால் அடைத்தால் அங்கே குடியிருப்பவர் போய்க் கேட்கத் தான் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரே ஆள் நாடாளுமன்ற உறுப்பினர்தான். என் கல்லூரி நண்பன் அந்தச் சாலைக்குப் பின்னால்தான் குடியிருக்கிறான். கிள்ளானில் எனக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு, அவனுக்கு ஒன்று.