ஹோல்ஸ்டீன் மாடுகளின் உள்ளினச் சேர்க்கையும் பால் கணக்கும்

அமெரிக்கக் கறவை மாடு ஒன்று 1960இல் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 3,200 கிலோ பால் தந்தது. 2022இல் அந்தச் சராசரி ஏறத்தாழ 10,900 கிலோ. அங்குள்ள மாடுகளில் மிகப் பெரும்பான்மை ஹோல்ஸ்டீன். இதே காலத்தில் அவ்வினத்தின் உள்ளினச் சேர்க்கை அளவும் ஏறிக்கொண்டே வந்தது. உறவுக்குள் சேர்த்தால் பால் குறையும் என்கிறது பாடநூல். பாலோ மும்மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. எனவே இந்த அச்சமே மிகை என்று வாதிடுவோர் உண்டு. பாலை மட்டுமே அளவுகோலாகக் கொண்டதால் நேர்ந்த பிழை அது என்பேன்.

பால் இழப்பு உண்மைதான்; ஆனால் சிறியது. வம்சாவளிப் பதிவுகளைக் கொண்டு 1990களில் அமெரிக்காவில் செய்த மதிப்பீட்டின்படி, உள்ளினச் சேர்க்கைக் கெழு (தாய்க்கும் தந்தைக்கும் உள்ள உறவின் நெருக்கத்தைக் காட்டும் அளவு) 1 விழுக்காடு கூடினால் ஓர் ஈற்றுக்குச் சுமார் 27 கிலோ பால் குறைகிறது. மரபணுத் தொகுதியையே நேரடியாக அளந்த 2019ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வு 36 கிலோ என்றது. கெழு 10 விழுக்காடாக இருந்தாலும் இழப்பு 270 முதல் 360 கிலோ வரைதான். தெரிவு இனவிருத்தியின் சில ஆண்டு முன்னேற்றம் இதை விழுங்கிவிடும். ஆகவே குறைவு குறைவாகத் தெரிவதில்லை, ஏற்றத்தின் வேகம் சற்று மட்டுப்படுவதாகவே தெரிகிறது. இதைவிட முக்கியமான இன்னொன்று: பால் பதிவேட்டில் இடம்பெற, மாடு முதலில் பிறக்க வேண்டும், பிறகு சினை பிடித்து ஈன வேண்டும். இந்தப் படிகளைத் தாண்டாதவை எந்தச் சராசரியிலும் சேர்வதில்லை.

நெப்ராஸ்காவில் 1962இல் பிறந்த பாவ்னி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற பொலிகாளை இதற்குச் சான்று. அதற்கு 16,000க்கும் மேற்பட்ட மகள்கள்; அமெரிக்க ஹோல்ஸ்டீன் மரபணுத் தொகுதியில் சுமார் 14 விழுக்காடு அதன் பங்கு. ஐந்தாம் குரோமோசோமில் ஒடுங்கு நிலையில் ஒரு கொல்லி மரபணுவையும் அது சுமந்தது. தாய் தந்தை இருவழியிலும் அந்தப் பிரதி வந்து சேர்ந்த கரு பிழைக்காது. பண்ணையாளர் கண்ணுக்கு அது நோயாகப் படவில்லை. சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று அடுத்த ஊசிக்கு எழுதிக்கொண்டார், அவ்வளவே. 2011இல்தான் பிடிபட்டது, அதுவும் இல்லாமையைக் கொண்டு. ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுத் தரவில், கணக்குப்படி இரட்டைப் பிரதியாக வந்திருக்க வேண்டிய ஒரு துண்டு ஒரு மாட்டில்கூட அப்படி வரவில்லை. பிறக்காதவற்றை எண்ணித்தான் நோயைக் கண்டார்கள். பிந்திய ஆய்வொன்றின் மதிப்பீடு: 35 ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 5,25,000 கருச்சிதைவுகள், 42 கோடி டாலர் இழப்பு.

சீஃப் வழியாக வந்த பால் ஆதாயம் 3,000 கோடி டாலர் என்பது அதே ஆய்வின் கணக்கு. எழுபது மடங்குக்கு மேல் லாபம் என்று இதைச் சொல்வார்கள். சீஃப் இல்லாவிட்டால் அந்தப் பாலே வந்திராது என்ற அனுமானம் இந்த ஒப்பீட்டில் ஒளிந்திருக்கிறது. பல காளைகளின் வழியே, சற்று மெதுவாக, அதன் பெரும்பகுதியை எட்டியிருக்கலாம். மேலும் 42 கோடி என்பது கண்டுபிடிக்கப்பட்ட ஒரே ஒரு மரபணுவின் கணக்கு.

பண்ணையாளர் கவனமாக இருந்தால் போதும் என்ற பரிகாரமும் எனக்கு உடன்பாடில்லை. நெருங்கிய உறவுள்ள காளையைத் தவிர்க்கும் கணினி நிரல்கள் இன்று பரவலாக உள்ளன. அவை அடுத்த கன்றைக் காக்கும், இனத்தைக் காக்கா. தலைமுறைக்கு உள்ளினச் சேர்க்கை கூடும் வேகத்தைத் தீர்மானிப்பது செயல்திறன் இனத்தொகை. அமெரிக்க ஹோல்ஸ்டீனுக்கு அது 2001இல் 39 என மதிப்பிடப்பட்டது. கோட்பாட்டின்படி தலைமுறைக்கு ஏறத்தாழ 1.3 விழுக்காடு உயர்வு. பல லட்சம் மாடுகள் நின்றாலும், மரபளவில் அது நாற்பது விலங்குகளின் மந்தை. இன்றைய செயற்கைக் கருவூட்டல் காளைகள் ஏறக்குறைய அனைத்தின் தந்தைவழியும் 1880 அளவில் பிறந்த இரண்டே காளைகளில் முடிகிறது. 2009இல் வந்த மரபணுத்தொகுதித் தெரிவு, அதாவது கன்றின் மரபணுத் தொகுதியைப் பார்த்தே காளையைத் தேரும் முறை, காளைகளின் தந்தைமாருக்கான தலைமுறை இடைவெளியை ஏறத்தாழ ஏழு ஆண்டுகளிலிருந்து இரண்டரைக்கும் கீழே இறக்கியது. தலைமுறைக் கணக்கில் அதே வேகம் நீடித்தாலும், ஆண்டுக் கணக்கில் அது கூடும்.

ஆகவே தடை போட வேண்டிய இடம் தொழுவம் அல்ல, உறைவிந்து நிறுவனங்கள் அடுத்த காளைகளுக்குத் தந்தையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். இனத்தோடு மிக நெருங்கிய காளையின் மதிப்பெண்ணில் அந்த நெருக்கத்துக்கு உரியதைக் கழிக்கலாம். ஒரு காளைக்கு எத்தனை மகன்கள் என்று வரம்பும் வைக்கலாம். போட்டி நிறுவனங்களில் ஒன்று மட்டும் இதைச் செய்தால், அதன் காளைகள் தரவரிசையில் பின்தங்கி விற்பனை குறையும். அதனால் இந்தக் கழிவு, எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தும் பொது மதிப்பீட்டுக் குறியீட்டிலேயே இருந்தாக வேண்டும்.