காக்கி உடுத்திய வாத்தியார்

தேசிய மாணவர் படையில் நான் சேர்ந்த அன்று இரவு பாட்டி சாப்பிடவில்லை. "படிக்கிற பிள்ளையைப் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயேடா!" என்று அப்பாவிடம் ஒரே சண்டை. கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் உள்ளூரச் சற்று பயம்தான்.

மறுநாள் மாலை எங்கள் கணக்கு வாத்தியார் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துப் படைக்கு அதிகாரி அவரே. "அம்மா, இவனைச் சண்டைக்குக் கூப்பிடச் சட்டத்திலேயே இடமில்லை" என்றார். பாட்டி சட்டத்தை நம்பினாளோ இல்லையோ, வாத்தியாரை நம்பினாள்.

பல வருஷங்கள் கழித்து 1948-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைப் படித்தேன். வாத்தியார் சொன்னது மெய்தான். படையில் உறுப்பினன் என்பதற்காக மட்டும் எவனையும் போர்முனைக்கு அனுப்ப முடியாது. இன்னொரு விதி எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது. பள்ளி, கல்லூரி ஆசிரியர்களிலிருந்தே அதிகாரிகளை நியமிக்கலாம் என்கிறது அது.

வெள்ளைக்காரன் காலத்திலும் 1917 முதல் பல்கலைக்கழகப் படை என்று ஒன்று இருந்தது. கல்லூரியோடு அது நின்றுவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் திட்டம் வகுக்க 1946-இல் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் யார் தெரியுமோ? ஹிருதயநாத் குன்ஸ்ரு, கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர், சேனாதிபதி அல்ல. 1949-இல் பெண்களுக்கும் ஒரு பிரிவு உண்டாயிற்று. செலவை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பங்கிட்டுக்கொண்டன. பணத்தில் அடங்காத பங்கு ஒன்று உண்டே, அதுதான் வாத்தியார்களுடையது.

1962-இல் சீன யுத்தம் வந்தது. மறு ஆண்டே கல்லூரி மாணவர்களுக்குப் படைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். என் பெரியப்பா அதில் அகப்பட்டவர். யாருக்கோ பதிலாக யாரோ 'ஆஜர்' சொன்ன கதைகளை அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு என்னவோ சிரிப்பு வருவதில்லை. வீடு தேடிப் போய்ப் பாட்டியைச் சமாதானம் செய்ய வேண்டிய அவசியம் அப்போது எந்த வாத்தியாருக்கும் இருந்திராது அல்லவா? 1968-இல் கட்டாயம் நீங்கியது.

அதே வருஷம் ஜனவரியில் சென்னைச் சட்டசபை, அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, மாணவர் படையில் இந்திக் கட்டளைகள் கூடாது என்று தீர்மானம் போட்டது. மைதானத்தில் கத்துகிற இரண்டு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சொல்லைக் கேட்டதும் உடம்பு விறைத்து நிற்க வேண்டும் என்றால், அது யாருடைய சொல் என்று கேட்பது நியாயமான கேள்விதான் என்பது என் கட்சி.

ஆனாலும் என் காலத்தில் 'சாவ்தா'னும் 'விஸ்ரா'மும்தான். நாகபுரிக்குப் பக்கத்தில் காம்ப்டி முகாமில் அவற்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார் வாத்தியார். கட்டளை இந்தியில் முழங்கும், அடுத்த மூச்சில், "டேய், முழங்காலை மடக்காதேடா!" என்று தமிழில் கெஞ்சும். வாரநாளில் வேட்டி, அணிவகுப்பு நாளில் காக்கி. கையில் கிடைத்தது சொற்பத் தொகை.

குடியரசு தினத்தன்று பாட்டி அணிவகுப்பைப் பார்க்க வந்தாள். வீடு திரும்பியதும், "நான் எப்படி நடந்தேன்?" என்று கேட்டேன்.

"உன்னை எங்கே பார்த்தேன்? அந்த வாத்தியார் காலையிலிருந்து ஒரு வாய்க் காபிகூடக் குடிக்காமல் வெயிலில் நின்றாரே, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.