30,000 அடி, இரண்டரை நிமிடம்

விமானம் திரும்பும்போது ஒரு பக்கமா சாயும், இல்லையா? அந்தச் சாய்வு வழக்கமா 25, 30 டிகிரிக்குள்தான். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால், நம்ம எடை இரண்டு மடங்கானது போல இருக்கும். இறக்கைகள் சுமப்பதும் இரண்டு மடங்கு. பெரிய ஜெட் விமானங்கள் 2.5 மடங்கு வரை சேதமில்லாமல் தாங்க வேண்டும், 3.75 வரை உடையக் கூடாது என்பது விதி. ஆக, எவ்வளவு சாயலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சுமைதான்.

இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஒரு விமானம் இருக்கு. 1985 பிப்ரவரி 19, தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன சைனா ஏர்லைன்ஸ் 006. போயிங் 747 ரகம், உள்ளே 274 பேர். பசிபிக் கடலுக்கு மேல், 41,000 அடியில், நான்கு இன்ஜின்களில் வலது ஓரத்து இன்ஜின் நின்றுபோனது. மீதி மூணு போதும், பெரிய ஆபத்து இல்லை. ஆனா வேகம் குறைந்துகொண்டே வந்தது. கேப்டனின் கவனம் முழுக்க அதில் இருக்க, விமானம் மெல்ல வலது பக்கம் சாய்ந்தது. அவர் ஆட்டோபைலட்டை விடுவித்ததும் அப்படியே புரண்டு மேகத்துக்குள் விழுந்தது.

சாய்வைக் காட்டும் கருவி சரியாத்தான் காட்டியது. விமானிகளோ கருவிதான் கெட்டுப்போச்சுன்னு நினைத்தார்கள். சுமார் 11,000 அடியில் மேகம் விலகி அடிவானம் தெரிந்த பிறகுதான் எது மேல், எது கீழ் என்று புரிந்தது. 9,500 அடியில் நிமிர்த்தினார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் 30,000 அடிக்கு மேல் இறங்கியிருந்தார்கள்.

அந்த இழுப்பில் சுமை 5 மடங்கைத் தொட்டது. இறக்கைகள் நிரந்தரமா மேல்நோக்கி வளைந்தன, வால் பகுதியில் சில துண்டுகள் பிய்ந்து போயின. அப்படியும் சான் பிரான்சிஸ்கோவில் பத்திரமா இறங்கினார்கள். இருவருக்குப் பலத்த காயம், உயிரிழப்பு இல்லை.

விசாரணை அறிக்கை, கேப்டன் ஒரே கோளாறில் மூழ்கிக் கருவிகளைக் கவனிக்காமல் விட்டதையும், ஆட்டோபைலட்டை அளவுக்கு மீறி நம்பியதையும் காரணமாகச் சொன்னது. எனக்கு இதில் முக்கியமாப் படுவது, இரும்பு தாங்கியது, கவனம்தான் தாங்கவில்லை என்பது.

மூணு வருஷம் கழித்து, 1988-இல், ஏர்பஸ் ஏ320 சேவைக்கு வந்தது. சாதாரண நிலையில், விமானி எவ்வளவு திருப்பினாலும் 67 டிகிரிக்கு மேல் சாய அதன் கணினி விடாது. ஏன் 67? உயரம் குறையாமல் அந்தச் சாய்வில் திரும்பினால் வருகிற சுமை ஏறக்குறைய 2.5 மடங்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.