கற்பிட்டிக் கோட்டையும் கண்டியரசன் நீதியும்

புத்தளக் கடனீரேரியின் வாயிலிலே, கற்பிட்டியில், ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரை எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கின்றது. அதனை எழுப்பியோர், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கண்டியரசனின் நண்பராய் இந்நாட்டிற் கால்வைத்தவர்களாவர். போர்க்கால நட்பின் இயல்பையும் கிளர்ச்சிக்கால நீதியின் கொடுமையையும் அக்கோட்டையின் வரலாறு ஒருங்கே உணர்த்துகின்றது.

போர்த்துக்கேயரைத் துரத்த விரும்பிய இரண்டாம் இராசசிங்கன், 1638 மே 23இல் மட்டக்களப்பில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை செய்தான். போர்ச்செலவைக் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்ய அரசன் இசைந்தான். கைப்பற்றப்படும் கோட்டைகளில், அரசன் விரும்பினால் மாத்திரமே ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது அவன் கொண்ட பொருள். 'அரசன் விரும்பினால்' என்னும் அச்சொற்கள் ஒல்லாந்தர் படியிற் காணப்படவில்லை. 1656 மே மாதத்திற் கொழும்பு வீழ்ந்தபொழுது, அதன் வாயில்கள் அரசனுக்கே அடைக்கப்பட்டன. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கினர்.

வெளியே துணைவரால் வஞ்சிக்கப்பட்டவன் உள்ளேயும் எவரையும் நம்பானாயினன். 1664 டிசம்பரில் நில்லம்பை அரண்மனையைக் கிளர்ச்சிக்காரர் இரவிலே தாக்கி, அவனுடைய இளமைந்தனை அரசனாக்க முயன்றனர். மைந்தனோ தந்தையிடமே ஓடிச் சென்றான், கிளர்ச்சி கலைந்தது. பின்னர்க் குற்றவாளியும் குற்றமற்றவனும் ஒருங்கே மாண்டனர் என்றும், அம்மைந்தனும் நஞ்சூட்டப்பட்டான் என்றும் உறொபேட் நொக்ஸ் எழுதினார். 1660 முதல் 1679 வரை கண்டியிற் சிறையிருந்தவரின் கூற்றாதலின், அதனை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். கிளர்ச்சித் தலைவருள் ஒருவனான அம்பன்வெல இராலையைப் பற்றி அவர் கூறும் செய்தி சிந்திக்கத்தக்கது. ஒல்லாந்தர் புதுவகை வதைகள் செய்வர் என எண்ணி அரசன் அவனைக் கொழும்புக்கு அனுப்பினான். அவர்களோ அவன் விலங்கை அறுத்து மதிப்புடன் வைத்திருந்தனர். அக்கருணை அறத்திற் பிறந்ததன்று, அரசியலிற் பிறந்தது.

கிளர்ச்சியால் தளர்ந்த அரசனுக்கு உதவுவதாகக் கூறி, 1665இல் ஒல்லாந்தர் உள்நாட்டிற் புகுந்தனர். கீழைக்கரைத் துறைகளையும் கைக்கொண்டனர். மேல்கரையிற் கற்பிட்டிக் கோட்டை எழுந்தது. கண்டியின் பாக்கு வெளிச்செல்வதும் துணி உள்வருவதுமான புத்தள வழி, அதன் பீரங்கிகளின் கண்காணிப்புக்குள்ளாயிற்று.

கடுமையின்றேல் அரசே அழிந்திருக்கும் என வாதிப்போர் உளர். இராசசிங்கன் 1687இல் இறக்கும்வரை ஆண்டதும், கண்டியரசு 1815 வரை நிலைத்ததும் அவர்க்குச் சான்றாகும். பிரான்சியப் புரட்சியிலும், 1793ஆம் 1794ஆம் ஆண்டுகளில், பகைநாடுகளின் கூட்டுப்படையோடு போர் நிகழ்ந்த காலத்திலேயே கொலைப்பொறி இயங்கிற்று. புறத்தச்சம் அகத்தே வாளாகின்றது என்பது இரண்டிடத்தும் உண்மை. ஆயினும் தன் குடிகளை அஞ்சிய அரசன், அவர்களைக்கொண்டு கடற்கரையைக் காத்தல் அரிதாயிற்று. அவன் தண்டித்து அனுப்பியவனையே பகைவன் அணைத்துக்கொண்டான். மன்னிக்கத் தவறிய இடத்திலே மாற்றான் கோட்டை எழுகின்றது என்பதே கற்பிட்டி மதில்கள் கூறும் பாடமாகும்.