மண்ணா, குலமா? கடுகண்ணாவைச் சரிவில் நறுமண எண்ணெய் பற்றிய ஒரு விவாதம்

ரம்புக்கனையில் புகையிரதம் ஏறினால் ஒரு மணித்தியாலமளவில் கடுகண்ணாவை வந்துவிடும். அதற்குள் வண்டி ஏறத்தாழ நானூறு மீற்றர் உயரம் ஏறியிருக்கும். ஒரு கிலோமீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, மேல் நிலையம் கீழ் நிலையத்தைவிட இரண்டரைப் பாகை குளிர்ந்திருக்க வேண்டும். மூடுபனி, பாறை மண், மர நிழல் எல்லாம் அந்தக் குறுகிய தூரத்திலேயே மாறிவிடுகின்றன. வளரிடம் ஒரு செடியின் எண்ணெயை எப்படி மாற்றுகிறது என்று ஆராய இத்தகைய சரிவு எளிதில் வாய்ப்பதில்லை. ஆய்வாளர் அவசரப்பட்டுத் தவறான முடிவுக்கு வந்துவிடவும் இதே சரிவு தோதானது.

மாவனெல்லைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் போனால், “மலையில் வளர்ந்தது, அதனால்தான் இந்தக் காரம்” என்ற பேச்சு காதில் விழும். ஆய்வுக் கட்டுரைகளும் இதையே வேறு மொழியில் சொல்வதுண்டு. இரண்டு இடங்களில் இலை பறித்து, வடித்து, கூறுகளை அளந்து, வேறுபாடு தெரிந்ததும் காரணத்தை மண்ணிலும் மழையிலும் காண்கிறார்கள். இரண்டு இடத்துச் செடிகளும் ஒரே குலமா, அதாவது ஒரே மரபுவழியா, என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. அதற்கு விடை தெரியாதவரை சூழலைப் பற்றிய எந்த முடிவும் அரைகுறையானது என்பதே என் வாதம்.

இலங்கையின் சிட்ரொனெல்லாப் புல்லின் வரலாறு இதற்கு நல்ல சான்று. உலகச் சந்தையில் நெடுங்காலமாக இரண்டு எண்ணெய்கள் உண்டு. ‘சிலோன்’ எண்ணெயில் சிட்ரொனெலால் 5 முதல் 15 சதவீதம். கம்ஃபீன், லிமொனீன் போன்றவை கணிசமாகக் கலந்திருக்கும். ‘ஜாவா’ எண்ணெயில் சிட்ரொனெலால் 32 முதல் 45 சதவீதம் வரை போகும், விலையும் அதற்கேற்றது. பெயரை மட்டும் கேட்பவர் ஜாவாவின் எரிமலை மண்ணுக்கு மரியாதை செலுத்திவிட்டுப் போவார். ஆனால் ஜாவாப் புல்லும் இலங்கைப் புல்தான். இங்கே ‘மஹாபெங்கிரி’ என்று வழங்கிய அந்தப் புல் இங்கிருந்தே ஜாவாவுக்குப் போனது. ‘சிலோன்’ எண்ணெய் தரும் ‘லேனபட்டு’ என்ற மற்றப் புல் தென்மாகாணத்திலேயே தங்கிவிட்டது. இவற்றையும் இவற்றின் காட்டுறவான மானாப் புல்லையும் ஆராய்ந்த ஜோவிட், 1908இல் பேராதனைப் பூங்காவின் ஆய்விதழில் எழுதினார். மஹாபெங்கிரியை வளர்த்து வடித்த வின்டர் என்பவரின் பெயரே அந்தப் புல்லின் தாவரவியல் பெயரில் நிற்கிறது. ஆக, சந்தை ஊர்ப்பெயரால் குறித்த வேறுபாடு உண்மையில் குல வேறுபாடு.

இதில் சூழலுக்கு ஒரு மறைமுகப் பங்கும் உண்டு. மஹாபெங்கிரி வளமான மண் கேட்கும். சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும், மறுபடி நட வேண்டும். லேனபட்டு வறண்ட மேட்டிலும் கவனிப்பின்றிக் கிடக்கும். தென்னிலங்கையின் மண் எண்ணெயின் கூறுகளை நேரே மாற்றவில்லை. எந்தப் புல் அங்கே நிலைக்கும் என்பதை அது தீர்மானித்தது. சூழல் ‘பாதிக்கிறது’ என்று எழுதும்போது இந்த இரண்டு வழிகளையும் நாம் பிரித்துக் காட்டுவதில்லை.

கறுவாவில் சிக்கல் இன்னும் கூடுகிறது. சேனநாயக்க, லீ, வில்ஸ் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒரே மரத்தின் மூன்று முகங்களைக் காட்டியது: இலை எண்ணெயில் யூஜினோல், தண்டுப் பட்டையில் சினமல்டிஹைட், வேர்ப்பட்டையில் கற்பூரம். ஒரே மண், ஒரே மழை, மூன்று எண்ணெய். போதாததற்கு, கறுவாப் பூ முதல் மலர்ச்சியில் பெண்ணாகவும் அடுத்த மலர்ச்சியில் ஆணாகவும் நடந்துகொள்வதால் அயல் மகரந்தமே பெரும்பாலும் சேர்கிறது. விதையில் முளைத்த இரண்டு மரங்கள் ஒரே வரப்பில் நின்றாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய கறுவா உரிப்போர் இதை நாவால் அறிந்திருந்தார்கள். ரச குருந்து, தித்த குருந்து, கஹட்ட குருந்து, செவல் குருந்து என்ற சிங்களப் பெயர்கள் இனிப்பையும் கசப்பையும் துவர்ப்பையும் வழுவழுப்பையும் குறிப்பவை. ஊரைக் குறிப்பவை அல்ல. கண்டிக் காடுகளில் உரிக்கும் உரிமைக்காக மன்னரோடு முட்டி மோதிய ஒல்லாந்தர், பின்னர் கொழும்பில் கறுவாத் தோட்டம் போட்ட காலத்திலும் இந்த வகைப்பாடு வழக்கில் இருந்தது.

இத்தனை சொன்னதால் மண்ணை ஒதுக்கிவிட முடியாது. நீர்கொழும்புப் பக்கத்து வெண்மணலில் மெல்லிய, நேர்த்தியான பட்டை கிடைக்கிறது. ஈரக்களி மண்ணில் அது தடிக்கிறது. நீர் குறைந்த நாட்களில் இலையின் எடைக்கு எண்ணெய் விகிதம் கூடலாம். ஆனால் இலையே குறைந்துவிடுவதால் ஒரு ஏக்கரில் கிடைக்கும் எண்ணெய் கூடிவிடாது. எண்ணெய் எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். துளசி, இருவேரி போன்றவற்றில் அது இலையின் மேற்பரப்புச் சுரப்பி மயிர்களில் இருக்கிறது. விரல் பட்டாலே மணக்கும், வெயிலுக்கும் காற்றுக்கும் எளிதில் பறிபோகும். மானாவையோ கசக்க வேண்டும். கறுவா இலையை ஒடிக்க வேண்டும். எண்ணெய் உள்ளே கலங்களில் அடைபட்டிருப்பதால் பறித்த பின்னும் சில நாள் தாங்கும். எனவே ‘மழைக்காலத்தில் எண்ணெய் குறையும்’ என்ற பொதுக்கூற்றை எல்லா மூலிகைக்கும் நீட்டுவது தவறு.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. நாட்டுக்கு அது நன்மையே. மலிவான காசியாப் பட்டையிலிருந்து அது நம் கறுவாவைப் பிரித்துக் காட்டுகிறது. காட்டு மூலிகைகளுக்கும் ‘கண்டி’, ‘நக்கிள்ஸ்’ என்று குறியீடு தேடும் ஆசை இனி எழலாம். அந்த ஆசைக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைக்குச் செலவு அதிகமில்லை. கடுகண்ணாவைப் பாறையடியில் நிற்கும் ஒரு மானாத் தூரை வேரோடு பெயர்த்து மூன்றாகக் கிழிக்கலாம். ஒன்றை ரம்புக்கனையிலும், ஒன்றை எடுத்த இடத்திலும், மற்றொன்றை அலகல்ல மலையிலும் நட வேண்டும். மூன்றும் ஒரே உடல் என்பதால் குலக் கேள்வி அங்கே எழாது. ஒரே மாதத்தில், ஒரே பொழுதில் அறுத்து, ஒரே அண்டாவில் ஒரே நேர அளவு வடிக்க வேண்டும். நட்ட பிறகு விட்ட இலையை மட்டுமே எடுக்க வேண்டும்; பழைய இலை பழைய இடத்து எண்ணெயைச் சுமந்து நிற்கும்.