விதைத்தவர் பெயர்

தை முதல் நாளன்று அவனியாபுரத்தில் வாடிவாசல் வழியாகக் காளை பாய்ந்து வரும்போது, அது எந்த ஊர்க் காளை, யார் வளர்த்த காளை என்பது ஒலிபெருக்கியில் சொல்லப்படுகிறது. கூட்டத்தின் கண் காளையின் மீதே இருக்கும். ஆயினும் அதற்குத் தீனி வைத்து, நீச்சல் பழக்கி, ஆண்டு முழுவதும் பேணிய ஒருவர் அதன் பின்னால் இருக்கிறார் என்பதை ஊர் மறப்பதில்லை. உரியவர் பெயரை உரிய இடத்தில் சொல்லுதல் நம் மண்ணில் ஓர் அறம்.

ஏட்டுலகிலும் இவ்வறம் பழையதே. நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள், எந்த நூலும் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதை உணர்ந்திருந்தார்கள். மதுரையைச் சேர்ந்தவராகக் கூறப்படும் நச்சினார்க்கினியர் முதலான உரையாசிரியர்கள், விளக்கம் எழுதும் இடங்களிலெல்லாம் முன்னோர் பாடல்களை எடுத்துக்காட்டிச் சென்றார்கள். அதனால் விளைந்த நன்மை அவர்கள் எண்ணியதினும் பெரிது. அழிந்துபோன பல நூல்களை, இவ்வுரைகளில் எஞ்சி நிற்கும் மேற்கோள்களைக் கொண்டே இன்று நாம் அறிகிறோம். 'கிறித்தவமும் தமிழும்' எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமி, இவ்வாறு எஞ்சியவற்றைத் திரட்டி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற பெயரிலேயே ஒரு நூல் தந்தார். மேற்கோள் காட்டியவர்களின் நேர்மை இல்லையேல், அந்நூல்களில் பலவற்றின் பெயர்கூட நமக்கு எட்டியிராது.

இதே அறம் இன்று மிகக் கண்டிப்பாக எதிர்பார்க்கப்படும் துறைகளுள் ஒன்று கணிதம். அதன் இளைய உடன்பிறப்பான கணினி அறிவியலும் அவ்வழியே நடக்கிறது. எண்களும் குறியீடுகளும் நிறைந்த அத்துறைகளில் மனித உறவு எங்கே இருக்கிறது என்று கேட்போர் உண்டு. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்பதே விடை.

அடைப்புக்குறிக்குள் ஓர் எண்

கணித ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் புரட்டினால், வரிகளுக்கிடையே சதுர அடைப்புக்குறிக்குள் சிறு எண்கள் தென்படும். ஒவ்வோர் எண்ணும் கட்டுரையின் இறுதியிலுள்ள பட்டியலில், முன்னர் வெளிவந்த ஒரு நூலையோ கட்டுரையையோ சுட்டும். எழுதியவர் பெயர், தலைப்பு, இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகியன அங்கே இருக்கும்.

இச்சிறு எண் மூன்று பணிகளைச் செய்கிறது. முதலாவது, அது அடித்தளம். கணிதத்தில் ஒவ்வொன்றையும் நிறுவியாக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் எல்லோரும் மீண்டும் நிறுவிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே, இத்தேற்றம் இன்னாரால் இன்ன இடத்தில் நிறுவப்பட்டது என்று சுட்டிவிட்டு மேலே கட்டுகிறார்கள். சுட்டப்பட்ட கட்டுரையில் பிழை இருப்பின், மேலே எழுப்பிய சுவரும் ஆட்டம் காணும். இரண்டாவது, அது வயல் வரப்பு. இதுவரை பிறருடையது, இதற்குமேல் என் உழைப்பு என்று அது பிரித்துக் காட்டுகிறது. மூன்றாவது, அது வழிகாட்டி. பின்னால் வரும் மாணவர் ஊற்றுக்கண்ணைத் தேடிச் செல்ல அது பாதை திறக்கிறது.

பலர் கூடி எழுதும் கணிதக் கட்டுரைகளில் அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையிலேயே நிற்கும். யார் பெரியவர், யார் சிறியவர் என்ற வழக்குக்கு அங்கே இடமில்லை. ஒரே உண்மையை இருவர் தனித்தனியே கண்டால் இருவர் பெயரும் சேர்த்து வழங்கப்படும். கணினி அறிவியலின் அடிப்படைத் தேற்றங்களுள் ஒன்று குக்–லெவின் தேற்றம். கனடாவின் டொரண்டோவில் பணியாற்றிய ஸ்டீபன் குக் 1971-இல் அதை வெளியிட்டார். சோவியத் நாட்டில் லியோனிட் லெவின் தம் வழியில் கண்டு 1973-இல் வெளியிட்டார். இரு வல்லரசு முகாம்களாக உலகம் பிளவுண்டு கிடந்த காலத்தில் பிறந்த அத்தேற்றம், இன்று இருவர் பெயரையும் இணைத்துச் சுமக்கிறது.

இராமானுஜன் கண்ட பழைய கட்டுரை

இவ்வறத்தின் உயரத்தைக் காட்டும் நிகழ்ச்சி, நம் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவரின் வாழ்விலேயே இருக்கிறது. 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், புதிய ஆய்விதழ்கள் கைக்கு எட்டாத சூழலில் கணிதம் கற்றவர். அவருக்கு வழித்துணையாகக் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலில், ஆயிரக்கணக்கான முடிவுகள் மிகச் சுருக்கமான நிறுவல்களுடன் அடுக்கப்பட்டிருந்தன. அதே முறையில் தாம் கண்டவற்றையும் நிறுவலின்றி அவர் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவற்றுள் பல உலகம் அறியாதவை. சில, ஐரோப்பாவில் வேறொருவர் முன்னமே கண்டவை. எவை எந்த வகை என்று அறிய அவருக்கு அன்று வாய்ப்பில்லை.

அவர் கண்டவற்றுள் இரு முற்றொருமைகள் தனி அழகு வாய்ந்தவை. அவற்றுள் ஒன்றின் பொருளை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். 6 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். எந்த இரு பகுதிகளுக்கிடையேயும் குறைந்தது 2 வேறுபாடு இருக்குமாறு அதைப் பிரித்தால் 6, 5+1, 4+2 என மூன்று வழிகள் கிடைக்கும். இனி, ஐந்தால் வகுத்தால் 1 அல்லது 4 மீதி வரும் எண்களை மட்டும் கொண்டு பிரிப்போம். 6, 4+1+1, 1+1+1+1+1+1 என மீண்டும் மூன்றே வழிகள். எந்த முழு எண்ணை எடுத்தாலும் இவ்விரு கணக்குகளும் ஒத்தே வரும். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவைபோல் தோன்றும் இரு விதிகள் ஏன் ஒரே விடையைத் தர வேண்டும்?

இராமானுஜனிடம் அதற்கு நிறுவல் இல்லை. அது இல்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். கேம்பிரிட்ஜில் அவரை வரவேற்ற பேராசிரியர் ஹார்டி, தாம் அறிந்த கணித அறிஞர்களிடம் கேட்டுப் பார்த்தும் ஒருவராலும் நிறுவ இயலவில்லை. மக்மகோன் என்னும் அறிஞர் 1916-இல் வெளியிட்ட தம் நூலில், நிறுவப்படாத உண்மைகளாகவே அவற்றைச் சேர்த்தார்.

1917-இல், இலண்டன் கணிதக் கழகத்தின் பழைய இதழ்த் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த இராமானுஜன் தற்செயலாக ஒரு கட்டுரையைக் கண்டார். எழுதியவர் லெனர்ட் ஜேம்ஸ் ரோஜர்ஸ். ஆண்டு 1894. அதே முற்றொருமைகள், நிறுவலோடு, 23 ஆண்டுகளாக அங்கே கிடந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கற்பித்துவந்த ரோஜர்ஸ் திறமை மிக்கவர். ஆனால் புகழ் எட்டாதவர். அவர் கட்டுரையை அவர் நாட்டு அறிஞர்களே மறந்திருந்தனர்.

போர்க்காலம், தாயகத்தைவிட்டு நெடுந்தொலைவு, அவ்வாண்டில்தான் உடல்நலமும் குன்றத் தொடங்கியது. தம் கண்டுபிடிப்பு என்று உலகோர் வியந்த ஒன்று மற்றொருவருக்கு முன்னரே உரியது என அறியும் வேளையில், மனித மனம் சுருங்குவது இயல்பு. இராமானுஜன் அடைந்ததோ வியப்பும், ரோஜர்சின் பணியின்பால் பெருமதிப்பும். அதைத் தாம் நேரில் கண்டதாக ஹார்டி பின்னர் எழுதினார். ரோஜர்சுடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. அதன் பயனாக ரோஜர்ஸ் தம் பழைய நிறுவலை மேலும் எளிமையாக்கினார். 1919-இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில், வரலாற்றைக் கூறும் ஹார்டியின் முன்குறிப்போடு, ரோஜர்ஸ், இராமானுஜன் இருவரின் நிறுவல்களும் சேர்ந்தே வெளிவந்தன. அதே காலத்தில், போரால் இங்கிலாந்துத் தொடர்பு அறுந்திருந்த ஜெர்மனியில் இசாய் ஷூர் என்பாரும் அவற்றைத் தாமே கண்டு நிறுவியிருந்தார் என்பது தெரியவந்தபோது, அவர் பெயரும் வரலாற்றில் சேர்க்கப்பட்டது.

அன்று முதல் அவை ரோஜர்ஸ்–இராமானுஜன் முற்றொருமைகள் என்று வழங்குகின்றன. முதலில் நிற்பது மறக்கப்பட்டவர் பெயர். 1924-இல், தம் 62-ஆம் வயதில், ரோஜர்ஸ் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் பெயரை மீட்டுத் தந்த தமிழர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 32 வயதில், மறைந்திருந்தார். 1980-இல் ஆஸ்திரேலிய இயற்பியலறிஞர் ராட்னி பாக்ஸ்டர் ஓர் இயற்பியல் புதிருக்கு விடை கண்டபோது, இதே முற்றொருமைகள் அங்கே எதிர்ப்பட்டன.

இராமானுஜனுக்கும் அத்தகைய கைம்மாறு கிடைத்தது. அவருடைய குறிப்பேடுகளில் உள்ள 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுவல் தந்து, இது புதியது, இது இன்னார் முன்பே கண்டது என்று பொறுமையுடன் வரப்பிட்டார் அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட். 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அவ்வுழைப்பு வெளிவந்தது. ஒரு மேதையின் புகழைக் காப்பதற்குப் பிறருடைய பங்கை மறைக்க வேண்டியதில்லை என்பதற்கு அத்தொகுதிகள் சான்று.

மாதவன் பெயர் எப்படிப் பிழைத்தது?

மேற்கோள் இல்லையேல் என்ன இழப்போம் என்பதற்குக் கேரளத்து மாதவன் எடுத்துக்காட்டு. 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்தில் வாழ்ந்த அவர், வட்டத்தின் சுற்றளவைக் கணிக்கும் முடிவிலாத் தொடரைக் கண்டவர். ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்சும் அதை அடைந்தது 1670-களில். மாதவன் அத்தொடரைப் பற்றித் தம் கையால் எழுதிய நூல் எதுவும் இன்று இல்லை. அவருடைய மாணவர் வழியில் வந்த நீலகண்டரும் சங்கர வாரியரும், இது மாதவன் கூறியது என்று பெயர் சொல்லி எழுதிவைத்தார்கள். தம்முடையது என்று அவர்கள் எழுதியிருந்தாலும் அன்று கேட்பார் இல்லை. அவர்களின் நேர்மையால் ஓர் ஆசிரியரின் பெயர் 600 ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

இந்த நேர்மை இன்றும் வற்றிவிடவில்லை. 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும், அவருடைய இளம் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும், ஓர் எண் பகா எண்தானா என்பதை விரைந்தும் ஐயத்துக்கு இடமின்றியும் சோதிக்கும் வழியை வெளியிட்டு உலகையே வியக்க வைத்தனர். 2004-இல் அச்சேறிய அவர்கள் கட்டுரை, முன்னோடிகளின் முயற்சிகளை வரிசையாகக் கூறியே தொடங்குகிறது. நெதர்லாந்து அறிஞர் ஹென்றிக் லென்ஸ்ட்ரா தந்த ஒரு கருத்தால் தங்கள் நிறுவல் மேலும் எளிதானது என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறது.

நன்றி எண்ணிக்கையானபோது

நன்றியை எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும்? 1964-இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு, எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினர் எனக் காட்டும் அட்டவணையை வெளியிட்டார். பயனுள்ள பணிதான். 1998-இல் கூகுள் தேடுபொறியை உருவாக்கிய இளைஞர் இருவரும், பலரால் சுட்டப்படும் பக்கமே சிறந்த பக்கம் என்ற கருத்தை இம்மரபிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

ஆனால் வழிகாட்டியாக இருந்த எண்ணிக்கை அளவுகோலாயிற்று. பணி நியமனம், பதவி உயர்வு, கல்லூரித் தரவரிசை ஆகியவற்றில் அது புகுந்தது. ஒருவரையொருவர் மாறி மாறிச் சுட்டிக்கொள்ளும் குழுக்கள் தோன்றின. எண்களைக் கொண்டு மனிதரை எடைபோடாதீர் என்று 2008-இலேயே பன்னாட்டுக் கணித ஒன்றியம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து எச்சரித்தது. 2023-இல், மிகுதியாக மேற்கோள் காட்டப்பெறும் ஆய்வாளர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், கணிதத் துறையையே அப்பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. எண்ணிக்கை அவ்வளவுக்குச் செயற்கையாகப் பெருக்கப்பட்டிருந்தது. நன்றி நாணயமாக மாறியதும் கள்ள நாணயமும் உடன் வந்துவிட்டது.

பட்டியலில் இல்லாதவர்

நேர்மையான பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. பிரான்சு நாட்டில் 1897-இல் பிறந்த இயேசு சபைக் குரு சார்லஸ் ராசீன், பாரிசில் எலீ கார்த்தான் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். 1937-இல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்து, 1939-இல் சென்னை இலயோலா கல்லூரியில் பணியேற்றார். ஐரோப்பாவில் அன்று மலர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தை நம் இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஆற்றல் மிக்கவர்களை இனங்கண்டு, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் செல்ல ஊக்குவித்தார்.

அவ்வாறு சென்றவர்களுள் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்திரியும், வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் உண்டு. 1965-இல் இருவரும் வெளியிட்ட நரசிம்மன்–சேஷாத்திரி தேற்றம், இன்றும் உலகெங்கும் சுட்டப்படுகிறது. அக்கட்டுரையைச் சுட்டும் எண்ணுக்கு நேரே தந்தை ராசீனின் பெயர் இராது; கற்பித்தவருக்குப் பட்டியலில் இடம் ஒதுக்கும் மரபு இல்லை. அவர் 1976-இல் மறைந்தார். அவருக்குத் தாங்கள் பட்ட கடனை மாணவர்கள் தங்கள் நினைவுரைகளில் சொன்னார்கள்.

விதைப்பவர் ஒருவராகவும் அறுப்பவர் வேறொருவராகவும் இருப்பதைப் பற்றி, சமாரியாவின் கிணற்றருகே ஆண்டவர் சீடர்களிடம் பேசினார். பிறர் உழைத்த வயலில்தான் நாம் ஒவ்வொருவரும் இறங்குகிறோம். நாம் கற்ற எழுத்தும், பாடும் பாடலும், செபிக்கும் செபமும் யாரோ ஒருவர் நமக்குக் கையளித்தவை. அவர்களுள் பெயர் தெரிந்தவர்களையாவது நம் பிள்ளைகளிடம் பெயர் சொல்லிப் பேசுவோம். பழைய தொகுதியொன்றில் ரோஜர்சின் பெயரைக் கண்டு மகிழ்ந்த அந்தக் கும்பகோணத்து இளைஞர் நமக்குக் கற்றுத்தருவது அதுவே.